வேலை, கடன், கோபம், கைப்பேசி: இவற்றின் நடுவே மனசை இறைவனிடம் வைத்திருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், சமய வகுப்பிலும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் வாங்கும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. பால்மரம் வெட்டுகிறவர்கள், செம்பனைக் குலை அறுக்கிறவர்கள், பேக்டரி பஸ்ஸுக்கு இருட்டில் நிற்கிறவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லாரையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். பதில்கள் சைவ வீட்டு வழக்கத்தைத் தழுவியவை. உங்கள் இஷ்ட தெய்வம் அம்மனோ பெருமாளோ முனியாண்டியோ என்றால் அந்த நாமத்தை வைத்துக்கொள்ளுங்கள், முறை மாறாது.

காலை நாலரைக்கு எழுந்தால்தான் பிரம்ம முகூர்த்தம் என்கிறார்கள். ராத்திரி படுக்கவே பதினொன்றரை ஆகிறது. என்ன செய்வது?

நாலரை என்பது தமிழ்நாட்டு விடியலுக்குப் போட்ட கணக்கு. பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்தை வைத்து வருவது. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்னால், அதாவது 96 நிமிடத்துக்கு முன் தொடங்கி, 48 நிமிடத்துக்கு முன் முடிகிறது. அங்கே ஆறு மணியை ஒட்டி விடிவதால் நாலரை சரியாக வருகிறது.

நம் தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதனால் இங்கே நவம்பர் தொடக்கத்தில் ஏறக்குறைய 6:55-க்கும், பிப்ரவரியில் 7:30-ஐ ஒட்டியும்தான் விடிகிறது. உதயம் 7:15 என்றால் பிரம்ம முகூர்த்தம் 5:39 முதல் 6:27 வரை. ஐந்தே காலுக்கு எழுகிற தோட்டத் தொழிலாளி அந்த நேரத்தைத் தவறவிடவே இல்லை. நாலரைக்கு எழ வேண்டும் என்று ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கி, சாமி அறையில் தலை தொங்கி, மத்தியானம் எல்லாரிடமும் எரிந்து விழுகிற நிலைமையை அடிக்கடி பார்க்கிறோம். தூக்கத்தைத் திருடிச் செய்கிற வழிபாடு நீடிக்காது.

இதே கணக்கு பிரதோஷத்துக்கும் உண்டு. சூரியன் மறைவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் என்பதால் இங்கே அது 5:45-ஐ ஒட்டித் தொடங்கி ஏழே காலுக்கு மேல் முடிகிறது. நாலரைக்கு வேலை விட்டு வந்து குளித்துவிட்டுப் போனாலும் கோயிலில் அபிஷேகம் பார்க்கலாம். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது என்று மனப்பாடமாகச் சொல்லிப் பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று: 7:15-க்கு விடியும் நாளில் அது எட்டே முக்காலுக்குத்தான் தொடங்கும். நேரம் பார்க்கிறவர்கள் உள்ளூரில் அச்சடித்த நாட்காட்டியைப் பாருங்கள்.

எழுந்த பிறகு என்னதான் செய்ய வேண்டும்? இருபது நிமிடத்துக்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது.

இருபது நிமிடம் தாராளம். வரிசையாகச் சொல்கிறோம்.

குளிக்க நேரம் இருந்தால் குளியுங்கள். இல்லையென்றால் முகம், கை, கால் கழுவினால் போதும். விபூதியை மூன்று விரலால் பூசி, ஓர் அகலில் நல்லெண்ணெய் விட்டு ஒரு திரி ஏற்றுங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் உட்காராமல் பாயோ மடித்த துணியோ போட்டுக்கொள்ளுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம், முதுகு நிமிர்ந்திருந்தால் சரி.

முதலில் மூச்சு. மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். பத்து முறை செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. அடுத்து ஐந்தெழுத்தோ (நமசிவாய) ஆறெழுத்தோ (சரவணபவ) 108 முறை. ஒன்றுக்கு மூன்று விநாடி என்று நிதானமாகச் சொன்னால் ஐந்து, ஆறு நிமிடத்தில் முடியும். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள் என்றால் நாக்குதான் சொல்லியிருக்கிறது. பிறகு ஒரு தேவாரப் பாடலை வாய்விட்டுப் பாடுங்கள். பதிகம் முழுவதையும் ஓட்ட வேண்டாம். ஒரே பாடலை வாரம் முழுக்கப் பாடினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அது மனப்பாடம் ஆகிவிடும், வேலையிடத்தில் தானாக வாயில் வரும். அதற்கடுத்து மூன்று, நான்கு நிமிடம் சும்மா உட்காருங்கள்.

கடைசி இரண்டு நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அதைத்தான் முக்கியம் என்போம். "இன்றைக்கு என்னை எது ஆட்டிவைக்கும்?" என்று கேட்டு, ஒன்றை மட்டும் எடுத்து அவன் காலடியில் வையுங்கள். தண்டலோடு (வேலை வாங்கும் மேலாளோடு) வாக்குவாதம், மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது, வீட்டுக்காரர் வாடகை கேட்டு வருவது, எதுவாகவும் இருக்கலாம். அது நடக்கும்போது நான் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே தீர்மானியுங்கள். முன்கூட்டித் தீர்மானிக்காத மனசு அந்த நேரத்தில் பழைய வழியில்தான் ஓடும்.

வெளியே கிளம்பும் முன் விளக்கை ஊதாமல், திரியை எண்ணெய்க்குள் இழுத்துக் குளிர வையுங்கள். பலகை வீட்டிலும் அடுக்குமாடி வீட்டிலும் எரியும் விளக்கை விட்டுவிட்டு வேலைக்குப் போவது ஆபத்து.

நேரம் தப்பிய நாளுக்கு ஐந்து நிமிட முறை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்: விபூதி, பன்னிரண்டு முறை நாமம், ஒரு பாடல், அந்த ஒரு கேள்வி. அதற்கும் கீழே இறங்க வேண்டாம்.

இவ்வளவு கொஞ்சமாகச் செய்தால் மனசு அடங்குமா? ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சீக்கிரம் பலன் கிடைக்குமே?

பால்மரம் வெட்டுகிறவருக்கு இது தெரியும். பட்டையில் மெல்லிய சீவல் எடுத்தால் பால் ஒழுகும், மரமும் முப்பது வருடம் வரை தாங்கும். உள்பட்டையில்தான் பால் குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன என்று கத்தியை ஆழமாக இறக்கினால் அன்றைக்குக் கூடுதலாக வடியும். ஆனால் மரம் புண்ணாகி, முடிச்சு விழுந்து, பிறகு அந்தப் பக்கம் கத்தியே வைக்க முடியாது. ஒரு மணி நேரத்தோடு தொடங்கியவர்களில் பலர் இரண்டாம் வாரத்தில் சாமி அறைப் பக்கமே போவதில்லை. இருபது நிமிடத்தை மூன்று மாதம் விடாமல் செய்த பிறகு, ஐந்து நிமிடம் கூட்டலாம்.

ஜபமாலை எப்படிப் பிடிப்பது? மாலை இல்லாவிட்டால்?

108 மணி உள்ள ருத்திராட்ச மாலை. வலக்கை நடுவிரலில் மாலையைத் தொங்கவிட்டு, கட்டை விரலால் ஒவ்வொரு மணியாக உங்கள் பக்கம் இழுங்கள். ஆள்காட்டி விரல் படக்கூடாது என்பது மரபு. தனியாக நிற்கும் பெரிய மணி மேரு. அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பி வந்த வழியே போக வேண்டும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு விரல் கணு போதும். கட்டை விரல் தவிர மற்ற நான்கு விரலிலும் ஒவ்வொன்றுக்கு மூன்று பகுதி, ஆக மொத்தம் பன்னிரண்டு. வலக்கையில் ஒரு சுற்று முடிந்ததும் இடக்கையில் ஒரு பகுதியைத் தொடுங்கள். ஒன்பது சுற்றில் 108 வந்துவிடும். பக்கத்தில் இருக்கிறவருக்குக்கூடத் தெரியாது.

உட்கார்ந்த உடனே மனசு எங்கெங்கோ ஓடுகிறது. எனக்குப் பக்தி இல்லையோ?

ஓடுவது மனசின் வேலை, அதைப் பக்திக் குறைவு என்று நினைத்து வருந்த வேண்டாம். ஆனால் எதனால் ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

தூக்கக் கலக்கம் என்றால் கண்ணைப் பாதி திறந்து விளக்குச் சுடரைப் பாருங்கள், நாமத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படியும் சொக்கினால் எழுந்து நின்று சொல்லுங்கள். வாரத்தில் நான்கு நாள் இப்படி ஆனால் கோளாறு ஜபத்தில் இல்லை, படுக்கப் போகும் நேரத்தில் இருக்கிறது.

கேஸ் தீர்ந்தது, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், மோட்டாருக்குச் சாலை வரி என்று வேலை நினைவுகள் வந்தால், பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்திருங்கள். இரண்டு சொல்லில் எழுதிவிட்டு நாமத்துக்குத் திரும்புங்கள். எழுதாமல் "பிறகு யோசிக்கலாம்" என்றால், மறந்துவிடுமோ என்று மனசு அதையே பிடித்துக்கொண்டிருக்கும். கைப்பேசியில் குறிக்காதீர்கள். எடுத்தால் திரும்பி வரமாட்டீர்கள்.

யாரோ சொன்ன சொல் குத்திக்கொண்டே இருந்தால் அதுதான் கடினம். தள்ளத் தள்ள அது வலுக்கும். அப்போது மனத்துக்குள் சொல்லும் மானச ஜபம் எடுபடாது. குரலெடுத்துப் பாடுங்கள். பாட்டுக்கு மூச்சும் நாக்கும் காதும் வேண்டியிருப்பதால் அந்தச் சண்டையை ஓட்டிப் பார்க்க மனசுக்கு இடம் குறைகிறது. பாடி முடித்து, அந்த ஆளின் பெயரைச் சொல்லி ஒருமுறை நல்லது வேண்டுங்கள். முதல் நாளில் வாய் வராது. பத்து நாளில் வரும்.

எத்தனை முறை ஓடியது என்று எண்ணாதீர்கள், ஓடியது தெரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் திரும்பினீர்கள் என்று பாருங்கள்.

வேலை செய்துகொண்டே நாமம் சொல்லலாமா?

வேலையைப் பொறுத்தது. வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம். பால்மரக் காட்டில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும் இடைவெளியில் ஒரு நாமம் அழகாகப் பொருந்தும். கத்தி பட்டையில் இருக்கும்போது கவனம் முழுவதும் வெட்டில் இருக்கட்டும். பால் சேகரிக்கும்போது, புல் வெட்டும்போது, பேக்டரியில் பெட்டி மடிக்கும்போது உபாம்சு ஜபம் நன்றாக ஓடும். இயந்திர இரைச்சல்கூட அதற்கு ஒரு மறைவுதான்.

செம்பனை அறுக்கிறவர்கள் குலையின் கீழ் நிற்கும்போது ஜபம் செய்யக்கூடாது. முற்றிய மரத்தின் குலை இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும், முள் மட்டையும் கூடவே விழும். அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் உயிர் போய்விடும். கத்தியை மாட்டும் முன் ஒருமுறை நினைத்து வணங்குங்கள், குலை தரையில் விழுந்த பிறகு ஒருமுறை நன்றி சொல்லுங்கள். நடுவில் கண் மேலேயே இருக்க வேண்டும். மோட்டார், லோரி ஓட்டும்போதும் இதேதான். செய்கிற தொழிலுக்குக் கொடுக்கிற முழுக் கவனமே அந்த நேரத்து வழிபாடு.

எனக்கு ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எந்த நேரத்தைப் பிடிப்பது?

மணியை விட்டுவிட்டு "தூங்கி எழுந்தவுடன்" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டுக்கு வீடு வந்தால், கால் கழுவி, விபூதி பூசி, ஐந்து நிமிட முறையோடு படுத்துவிடுங்கள். மத்தியானம் மூன்றுக்கு எழுந்ததும் இருபது நிமிடம் உட்காருங்கள். காலையிலேயே முழுப் பூசையும் செய்துவிட்டுத்தான் தூங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தால் பகல் வெளிச்சத்தில் தூக்கம் கலைந்து, அடுத்த இரவு இயந்திரத்தின் முன் கண் சொக்கும். ஷிப்ட் மாறும் முதல் இரண்டு நாள் உடம்பு தடுமாறும். அந்த இரண்டு நாளும் ஐந்து நிமிடம் போதும் என்று முன்னாலேயே வைத்துக்கொண்டால் விட்டுப்போன வருத்தம் இருக்காது.

மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளம் குறைகிறது. சாமி முன் உட்கார்ந்தால் கடன் கணக்குதான் ஓடுகிறது.

கணக்கை முதலில் காகிதத்தில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். வாடகை, மோட்டார் தவணை, பள்ளி வேன், மளிகைக் கடைப் பற்று எல்லாவற்றையும் ஒரு தாளில் போடுங்கள். எழுதாத கடன் மனத்தில் எப்போதும் இரட்டிப்பாகத் தெரியும். எழுதிய தாளைச் சாமி படத்தின் கீழ் வைத்துவிட்டு உட்காருங்கள். பிரார்த்தனை கணக்கைத் தீர்க்காது, கணக்கைப் பார்க்கிற தைரியத்தைத் தரும். அதற்கப்புறம் கைகால் ஓட வேண்டும். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு தவணை கட்ட முடியாமல் போனால், மத்திய வங்கியான பேங்க் நெகாராவால் 2006-இல் தொடங்கப்பட்ட ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்லி, தவணையைத் திருத்தி அமைக்க உதவுகிறது. ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரரிடம்) போகும் முன் அங்கே போங்கள்.

சம்பளம் கைக்கு வந்த அன்றே, எதையும் தொடும் முன் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். பத்து வெள்ளி (ரிங்கிட்) என்றாலும் சரி. நம் ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது. அந்தக் கட்டுப்பாடு நம் மக்களுக்குப் புதிதில்லை.

கடன் வாங்கி நேர்த்திக்கடன் செலுத்தாதீர்கள். "இது நடந்தால் அதைச் செய்கிறேன்" என்று பெரிய தொகைக்கு வேண்டிக்கொண்டு, பிறகு அதுவே இன்னொரு பயமாக நெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறது. பால்குடமும் வழிபாடுதான், கோயில் வாசலைக் கூட்டுவதும் வழிபாடுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். காலையில் செய்த ஜபமெல்லாம் வீண்தானே?

வீண் இல்லை. ஆனால் அந்த வாசலில் ஒரு பழக்கம் தேவைப்படுகிறது. மோட்டாரை நிறுத்தியதும் இறங்காமல் மூன்று நீண்ட மூச்சு. வெளிக் குழாயில் முகம், கை, கால் கழுவுங்கள். விபூதி பூசிவிட்டு உள்ளே போங்கள். முதல் பத்து நிமிடம் பள்ளி, பரீட்சை, செலவு எதைப் பற்றியும் கேட்காதீர்கள். சாப்பிடாமல் வந்தால் இதுவும் வேலை செய்யாது. பசியில் வருகிற கோபத்தை ஜபத்தால் பிடிக்கப் பார்ப்பதைவிட, நாலு மணிக்கு இரண்டு பிஸ்கட்டும் ஒரு தேநீரும் குடித்துவிட்டு வருவது நல்லது.

அப்படியும் கத்திவிட்டால் அன்றிரவே, பிள்ளை தூங்கும் முன், "அப்பா அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிள்ளையிடம் கேட்காமல் இருப்பது முறை ஆகாது.

கைப்பேசியில் தினமும் பக்திப் பாட்டு கேட்கிறேன், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சாமி படம் அனுப்புகிறேன். அது வழிபாட்டில் சேராதா?

பாட்டு கேட்பது நல்ல பழக்கம். நாற்பது பேருக்குக் காலை வணக்கப் படம் அனுப்பி, யார் பார்த்தார்கள் என்று நீல நிறக் குறியைத் தேடுவது வழிபாடு ஆகாது. கைப்பேசியை அடுக்களையில் சார்ஜ் போடுங்கள், சாமி அறைக்குள்ளும் படுக்கைக்கும் கொண்டு வராதீர்கள். "அலாரம் வைக்க வேண்டுமே" என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்துப் பதினைந்து வெள்ளிக்கு அலாரக் கடிகாரம் கிடைக்கும். பாட்டு கேட்டே ஆக வேண்டுமென்றால் முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டு, விமானப் பயன்முறையில் போட்டுக் கேளுங்கள்.

நான் உட்கார்ந்தால் வீட்டில் முணுமுணுப்பு. "சாமியாராகப் போறீங்களா?" என்கிறார் மனைவி.

அந்த இருபது நிமிடத்தில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். ஒரு கையில் தோசைக் கரண்டி, ஒரு கையில் பிள்ளையின் சப்பாத்து என்றால் அவர் கேட்பது நியாயம். உங்கள் பூசையால் இன்னொருவர் சுமை கூடினால் பூசையின் நேரம் தப்பு. பள்ளிக்கூடப் பையை இரவே எடுத்து வையுங்கள், பசியாறலுக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள் அவர் உட்கார, நீங்கள் பிள்ளைகளைக் கிளப்புங்கள். வீட்டில் யாரையும் வற்புறுத்திக் கூட்டி உட்கார வைக்க வேண்டாம். மாலை விளக்கு ஏற்றும்போது ஐந்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து ஒரு பாடல் பாடினால் போதும்.

பிள்ளைகளை எப்படிப் பழக்குவது?

பாலர்பள்ளி வயதில் இரண்டு நிமிடம், ஆரம்பப் பள்ளியில் ஐந்து நிமிடம். பிள்ளையே பாடட்டும், நீங்கள் கேளுங்கள். பரீட்சைக்கு மட்டும் சாமி கும்பிடச் சொல்லாதீர்கள். எஸ்.பி.எம். முடிவு சரியாக வராத அன்று அந்தச் சாமி மேலேயே பிள்ளைக்குக் கோபம் வரும்.

மாதவிலக்கு நாள்களில், சாவுத் தீட்டு நாள்களில் நிறுத்திவிட வேண்டுமா?

சாமி அறைக்குள் போவது, விளக்கேற்றுவது பற்றி உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதன்படி செய்யுங்கள். மானச ஜபத்துக்கு எந்த நாளிலும் தடை இல்லை. அதே நேரத்தில், வேறு இடத்தில் உட்கார்ந்து விரல் கணுவில் எண்ணிச் சொல்லலாம். இதைச் சொல்லாததால் மாதம் ஐந்து நாள் பழக்கம் அறுந்து, திரும்பக் கட்ட முடியாமல் தவிக்கிற பெண்கள் அநேகம். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு நாமம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

வெயிலில் உழைக்கிறவர்கள் விரதம் இருக்கலாமா?

இருக்கலாம், தண்ணீரை மட்டும் விடாதீர்கள். சஷ்டி, கார்த்திகை, சதுர்த்தி எதுவானாலும் பால், பழம், இளநீரோடு இருப்பதை மரபு ஏற்கிறது. தண்ணீர்கூடக் குடிக்காமல் செம்பனைக் காட்டில் வேலை செய்தால் மயக்கம் வரும், கையில் இருப்பதோ கத்தி. கடும் விரதத்தை ஓய்வு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுக்கிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் விரதம் தொடங்கக் கூடாது. திடீர் வியர்வை, கை நடுக்கம், குழப்பமான பேச்சு தெரிந்தால் உடனே சீனி கலந்த தண்ணீர் கொடுங்கள். விரதம் முறிந்ததே என்று யாரும் வருந்த வேண்டாம்.

தைப்பூசத்துக்கு 48 நாள் கட்டுப்பாடாக இருந்தேன். முடிந்ததும் பழையபடி ஆகிவிட்டேன். ஏன்?

இது இங்கே ஆண்டுதோறும் நடக்கிறது, மனம் வலிக்கிறது. காவடி எடுத்தவர் இடும்பன் பூசை முடித்து மாலையைக் கழற்றிய அன்றே கோழியும் பீரும் வாங்கி விருந்து வைக்கிறார். காரணம் தெளிவு. 48 நாளும் "கூடாது, கூடாது" என்றே ஓடியிருக்கிறது. மாமிசம் கூடாது, சவரம் கூடாது, மெத்தை கூடாது. அந்த இடத்தில் எதையும் வைக்காததால் தடை நீங்கிய நாளில் பழையது திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்த முறை விரதம் தொடங்கும் நாளிலேயே, பூசத்துக்குப் பிறகும் விடப்போவதில்லை என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாலை ஜபம், அல்லது வெள்ளிக்கிழமை சைவம், அல்லது வாரம் ஒருநாள் கோயில் தொண்டு. விரதம் முடிந்த அடுத்த வாரம்தான் உண்மையான சோதனை. அந்த ஏழு நாளும் விருந்துக்கும் குடிக்கும் கூப்பிடுகிற நண்பர்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

தினமும் அதிகமாகக் குடிக்கிறவர்கள் மாலை போடுவதற்காக ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடும் நடுக்கம், வியர்வை, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு இவை வரக்கூடும். அப்படிப்பட்டவர்கள் விரதத்துக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் காட்டி, மருத்துவர் சொல்லும் முறையில் குறைத்து நிறுத்த வேண்டும். குடும்பத்தார் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாட்குறிப்பு எழுதுங்கள். இந்த முறையை உலகமெங்கும் பரப்பிய சுவாமி சிவானந்தர் இந்த மண்ணில் உழைத்தவர். 1887-இல் பத்தமடையில் பிறந்து, மருத்துவராகி, 1913-இல் மலாயா வந்தார். சிரம்பானுக்கு அருகே தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார், பிறகு ஜொகூரிலும் இருந்தார். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டு, ரிஷிகேசத்தில் துறவியானார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை மாலை ஜபம், எத்தனை முறை கோபம், எத்தனை பொய் என்று கேள்விகளாக அடுக்கிய ஆன்மிக நாட்குறிப்பை அவர் சீடர்களுக்குக் கொடுத்தார். தோட்ட லயத்து (வரிசை வீட்டு) மக்களின் காய்ச்சலையும் காயத்தையும் பார்த்த கை போட்ட அட்டவணை அது. நோயாளிக்குச் சீட்டு எழுதுவது போலவே துல்லியமாக இருக்கும்.

நமக்கு ஐந்து கட்டம் போதும்: எழுந்த நேரம், ஜபம், கோபம், பொய், யாருக்காவது செய்த உதவி. பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு, படுக்கும் முன் இரண்டு நிமிடத்தில் எண் மட்டும் எழுதுங்கள். கதை எழுதத் தொடங்கினால் மூன்றாம் வாரம் நின்றுவிடும். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். கோபம் எந்த வாரத்தில் கூடுகிறது என்று தெரியும். பெரும்பாலும் சம்பளத்துக்கு முந்தைய வாரமாக இருக்கும். ஜபம் கூடி, கோபமும் பொய்யும் குறையவே இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறைத்து நிதானத்தைக் கூட்டுங்கள்.

குரு வேண்டுமா?

நாமம் சொல்லவும் திருமுறை பாடவும் தீட்சை கட்டாயமில்லை. கடுமையான மூச்சுப் பயிற்சி, பீஜ மந்திரங்கள் ஆகியவற்றை நேரில் கற்றுத் தருபவர் இல்லாமல் தொடாதீர்கள். பரிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்பவரிடமும், "வீட்டில் யாரிடமும் சொல்லாதே" என்பவரிடமும் போகாதீர்கள்.

எதிலும் மனம் ஒட்டவில்லை. தூக்கம் இல்லை. சாமி கும்பிட்டாலும் அழுகைதான் வருகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் காட்டுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். மனச்சோர்வு ஒரு நோய். பக்தி குறைந்ததால் வந்தது, ஏவல் பில்லி சூனியத்தால் வந்தது என்று சொல்லி மருத்துவத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் பெரிய தீங்கு செய்கிறார்கள். மருந்தும் நாமமும் ஒன்றுக்கொன்று தடை இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். பக்கத்து வீட்டைத் தட்டுங்கள், 999-ஐ அழையுங்கள். அந்த நாள்களில் இருபது நிமிட முறையைத் தேட வேண்டாம், கண்ணை மூடி ஒரே ஒரு முறை பெயரைச் சொன்னாலும் போதும்.

ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரண்டு மடங்கு செய்ய வேண்டுமா?

வேண்டாம். இரட்டிப்பாக்கினால் அந்த நாளும் பாரமாகி விட்டுப்போகும். நாட்குறிப்பில் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு, மறுநாள் வழக்கமான அளவைச் செய்யுங்கள். தொடர்ந்து மூன்று நாள் விட்டுப்போயிருந்தால் ஐந்து நிமிட முறையில் தொடங்கி, நான்காம் நாள் இருபதுக்கு வாருங்கள். ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப விடுகிறதென்றால் அதற்கு முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று பாருங்கள்.